மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு விசில்

கிடங்கிலிருந்து, தேவகியோடு வேலை பார்க்கும் நாகராஜ் பேசினார். "சார், தேவகி மேடம்..." என்றார். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. மண்டி மொஹல்லா இணைப்புகள் அப்படித்தான், மழை வந்தாலும் அறும், வெயில் அடித்தாலும் அறும். தேவகி மஞ்சள் காமாலையால் மருத்துவமனையில் சேர்ந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. நாகராஜின் குரலைக் கேட்டதும் மீதி வாக்கியத்தை நானே முடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் பாதி வந்த செய்தியை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே தேவகிதான். அதனால் தொலைபேசியின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறேழு நிமிடம் கழித்து மறுபடி மணி அடித்தது. "ஹோகிபிட்ரு சார்," என்றார் நாகராஜ். போய்விட்டார்.

நம் தமிழ்ச் சங்கத்து இதழைப் படிக்கும் பலருக்குத் தேவகியைத் தெரியும். பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிக்காரரிடம் போய் "இந்த ஒயர் எதுக்குங்க, அந்த ஒயர் எதுக்குங்க" என்று கேட்டுக்கொண்டே நின்று, அவர் பாட்டை மாற்ற மறந்துபோகும்படி செய்தாரே, அவரேதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் ரங்கசாமி கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்தபோது கூட வந்தவர். தட்டச்சு தெரியும், கன்னடமும் தமிழும் தண்ணீர் பட்ட பாடு. ஹெப்பாளில் ரப்பர் உதிரிப் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு மண்டி மொஹல்லாவில் ஒரு கிடங்கு அலுவலகம் உண்டு. கடைக்காரர்கள் கேட்கும் சரக்கையெல்லாம் அங்கே கணினியில் ஏற்றி, தொலைபேசிக் கம்பி வழியாக எங்களுக்குப் பட்டியலாக அனுப்புவது அவர் வேலை. வயது என்னைவிட ஒன்றோ இரண்டோ கூட இருக்கலாம். கேட்டால் "எதுக்குங்க?" என்பார். தான் மட்டும் எல்லாரையும் எல்லாமும் கேட்பார்.

நான் ஹெப்பாளில் கணினிப் பிரிவு. அங்கே ஒரு பெரிய சர்வர் இருந்தது. அதில் வாங்கிப் போட்டிருந்த மென்பொருளில் 'லிஸனர்' என்று ஒரு பகுதி. பெயர்தான் லிஸனர், அதற்குக் காது கிடையாது. நாம் சொல்லும் ஓர் இடத்தை நாம் சொல்லும் நேரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கும். நாம் சொன்ன பெயரில் ஏதாவது ஃபைல் வந்திருந்தால் எடுத்து, உரிய புரோகிராமிடம் கொடுத்துவிட்டு, அடுத்த முறை எட்டிப் பார்க்கக் காத்திருக்கும். மனிதர் யாரும் தொட வேண்டியதில்லை. கிடங்கிலிருந்து பட்டியல் வந்தால் லிஸனர் எடுக்கும், சரக்குச் சீட்டு தானாக அச்சாகும், ஆட்கள் வண்டியில் ஏற்றுவார்கள். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எடுத்தபின் ஃபைலை என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பது நான். மொத்தம் ஏழு வரிகள். அந்த ஏழு வரிக்காகவே என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதுபோல் ஒரு நடை நடந்துகொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் லிஸனர் நாளுக்கு இரண்டே முறைதான் பார்க்கும், பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும். எனக்கு அது போதவில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றினேன். தேவகி பட்டியல் அனுப்பிய அடுத்த நிமிடமே இங்கே சீட்டு அச்சாவதைப் பார்த்து மேனேஜர் என் முதுகில் தட்டினார். நான் தலைகால் புரியாமல் எல்லாப் பிரிவுக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தேன். கிடங்குக்கும் ஒரு பெட்டி போயிற்று. இந்தப் பாதுஷா பின்னால் சாட்சி சொல்ல வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் திங்கட்கிழமைகளில் சரக்கு குறைய ஆரம்பித்தது. நானூறு வரி போக வேண்டிய பட்டியலில் நூற்றைம்பது வரிக்குத்தான் சரக்கு போயிருக்கும். கடைக்காரர்கள் கத்தினார்கள். தேவகி, தான் முழுதும் அனுப்பியதாகச் சொன்னார். அவர் கணினியில் முழுப் பட்டியல் இருக்கத்தான் இருந்தது, ஆனால் பிறகு தட்டி நிரப்பியிருக்கலாமே என்றார்கள். தேவகி ஞாயிற்றுக்கிழமை ஹனூர் போய்விட்டு, திங்கள் காலை கொள்ளேகால் பஸ்ஸில் இறங்கி நேராக வேலைக்கு வருகிறவர். அது எல்லாருக்கும் தெரியும். பிறகென்ன, தூக்கக் கலக்கத்தில் பாதியை அனுப்புகிறார் என்று முடிவு கட்டியாயிற்று. ஒரு மெமோ. இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அவர் அப்போது தற்காலிக ஊழியர், நிரந்தரமாக்கும் கடிதம் மேசைக்கு வந்திருந்த நேரம். மூன்றாவது மெமோ வந்தால் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை. 'திங்கட்கிழமைத் தேவகி' என்று சரக்குப் பிரிவில் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது மெமோவுக்குக் காத்திருக்காமல், ஒரு புதன்கிழமை டவுன் பஸ் பிடித்து ஹெப்பாளுக்கே வந்துவிட்டார். கையில் வேர்க்கடலைப் பொட்டலம், ஒரு நோட்டு. அந்தக் காலத்தில் கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் கழற்றிவிடச் சொன்னேன்.

"உள்ள சாமி இருக்குதுங்களா சார்?"

"தூசி ஆகாது, அதுக்காக."

"அப்ப உங்க சாக்ஸ்ல இருக்கறது தூசி இல்லீங்களா?"

கடலையையும் வெளியே வைக்கச் சொன்னேன். அதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மெமோவைவிட இதுதான் அவருக்குப் பெரிய அவமானமோ என்று நினைத்தேன்.

நோட்டில் ஒரு மாதத்துக் கணக்கு இருந்தது. ஒவ்வொரு நாளும் பட்டியல் அனுப்பத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை வரி. சாதாரண நாளில் இருபது முப்பது வரி, சில நொடிகளில் போய்விடுகிறது. திங்கட்கிழமை வெளியூர்க் கடைகளின் வார ஆர்டரும் சேர்ந்து நானூறு வரி, மூன்று நான்கு நிமிடம் பிடிக்கிறது. "தூக்கத்துக்கு இதுல எங்கீங்க இடம்? நீளமா இருக்கற நாள்லதான் குறையுது. தசரா லீவு முடிஞ்ச வெள்ளிக்கிழமையும் குறைஞ்சுது, பாருங்க. அன்னைக்கு நான் ஊருக்கே போகலை."

லைன் அறுந்திருக்கும் என்றேன். "அறுந்தா எங்க மோடம் சொல்லிப்போடுமுங்க. முடிஞ்சுதுன்னுதான் சொல்லுது," என்றார். பிறகு, "அந்த லிஸனரைக் காட்டுங்க, நான் பாக்கோணும்," என்றார்.

காட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? திரையில் ஒரு வரி, அவ்வளவுதான். சரி போகட்டும் என்று என் ஏழு வரிகளைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். எந்த இடம் என்றேன், தலையாட்டினார். எந்தப் பெயர் என்றேன், தலையாட்டினார். நிமிடத்துக்கு ஒரு தரம் என்ற வரியில் விரலை வைத்தார்.

"முதல்ல இருந்தே இப்படிங்களா?"

"இல்லை, நடுவுல மாத்தினேன்."

"எப்ப? பாதுஷா அனுப்புனீங்களே, அப்பவா?" நோட்டைப் புரட்டினார். முதல் குறைச்சல், பாதுஷா வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. எனக்குக் காது சூடாயிற்று. ஆனாலும், சீக்கிரம் எடுப்பதற்கும் பாதி எடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று மிடுக்காகத்தான் கேட்டேன்.

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். ஃபைல் இருந்தா எடுக்கும்னீங்க. இருக்குதுன்னா என்னுங்க? பேர் தெரிஞ்சதுமே இருக்குதுன்னு அர்த்தமா, இல்லை உள்ள எல்லாம் வந்து சேந்தாத்தான் இருக்குதுன்னு அர்த்தமா?"

இத்தனை வருடப் படிப்பில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. சோதித்தபோதெல்லாம் பத்து வரி ஃபைலை இதே சர்வரில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகல் எடுத்துத்தான் சோதித்திருந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். மண்டி மொஹல்லாவிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் ஃபைலை நான் பார்த்ததே இல்லை.

அப்போதே பார்த்தோம். கிடங்கில் இரண்டாவது தொலைபேசியில் நாகராஜைப் பிடித்து, பழைய திங்கட்கிழமைப் பட்டியலை அனுப்பச் சொன்னோம். அது சீட்டாக அச்சாகி யாரும் சரக்கை ஏற்றிவிடாமல் இருக்க அச்சுப்பொறியை நிறுத்திவைத்தேன். திரையில் ஃபைலின் பெயர் வந்தது. அதன் அளவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தேவகி எண்களை வாய்விட்டுப் படித்தார். நான்காயிரம் சொச்சம், எட்டாயிரம் சொச்சம், பன்னிரண்டாயிரம். நிமிடம் மாறியது. பெயரே காணாமல் போய்விட்டது. லிஸனர் பன்னிரண்டாயிரத்தோடு எடுத்து, புரோகிராமிடம் கொடுத்து, மூலத்தை அழித்தும்விட்டது. தொலைபேசியில் நாகராஜ், "இன்னும் போய்க்கிட்டே இருக்கு சார்," என்றார். இரண்டு நிமிடம் கழித்து, "ஆய்து, கம்ப்ளீட்," என்றார்.

அழிந்த ஃபைலுக்குள் மீதியும் போய் எழுதப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த சர்வரின் இயல்பு அது. திறந்து வைத்து எழுதிக்கொண்டிருப்பவனுக்கு, பெயர் அழிந்துவிட்ட சங்கதி தெரியாது. அனுப்புகிறவருக்கு முழுதும் போனதுபோல் தெரியும், எடுத்தவருக்கு வந்தது அவ்வளவுதான் என்று தெரியும். எடுத்ததும் அழித்துவிடு என்று எழுதியதும் நான்தான், டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று. நடுவில் நறுக்கப்பட்ட வரியைச் சத்தமில்லாமல் தள்ளிவிடு என்று எழுதியதும் நான்தான். ஒரு தடயம் மிச்சம் வைக்கவில்லை.

தேவகிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மெமோ வாங்கியவர். அவரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மீதி எங்கீங்க போச்சு? எங்கியாவது இருந்துதானுங்களே ஆகோணும்?" என்றார். எழுதி முடித்ததும் அதுவும் அழிந்துவிடும் என்றேன். "பாவமுங்க," என்றார். ஃபைலைத்தான் சொன்னார்.

வெளியே வந்து, செருப்பை மாட்டி, கடலையை உரித்துக்கொண்டே யோசித்தார். இனி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். அப்போதும் தற்செயலாக நடுவில் மாட்டிக்கொள்ளும் என்றார். அது சரிதான். பிறகு சொன்னார்: "மாதேஸ்வரன் மலைக்குப் போற பஸ்ஸுல பாருங்க. சீட்டு நிறைஞ்சா டிரைவர் எடுத்துப்போடுவாரா? பாதிப்பேர் ஏறிட்டு இருப்பாங்க, ஒரு காலு கீழ இருக்கும். கண்டக்டர் ரெண்டு விசில் அடிச்சாத்தானுங்க வண்டி நகரும். உங்க லிஸனருக்கு யாருங்க விசில் அடிக்கறது?"

இப்படிப் பிறந்ததுதான் 'விசில் ஃபைல்'. பட்டியல் முழுதும் போய்ச் சேர்ந்த பிறகு, அதே பெயரில், புள்ளிக்குப் பின்னால் மட்டும் வேறு வாலோடு, இன்னொரு ஃபைல் அனுப்ப வேண்டும். அதற்குள் ஒன்றும் இருக்காது, வெறும் காலி. லிஸனர் பட்டியலைப் பார்க்கவே கூடாது, காலி ஃபைலுக்காக மட்டும் காத்திருக்க வேண்டும். அது வந்தால் மட்டும் பட்டியலைத் தொடலாம். எடுத்த பட்டியலையும் அழிக்காமல் வேறோர் இடத்தில் சேர்த்துவைக்க வேண்டும். இந்தக் கடைசிச் சங்கதியும் தேவகி சொன்னதுதான். அடுத்த இரண்டு நாளில் மாற்றி எழுதினேன். திங்கட்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு வரி, ஒன்று குறையாமல் வந்தது.

நான் செய்த அடுத்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் செய்யாமல் இருந்தேன். இனிமேல் குறையாது, குறையாவிட்டால் மூன்றாவது மெமோ வராது, எல்லாரும் மறந்துவிடுவார்கள், நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை தேவகி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எல்லாம் சரியாப் போச்சுங்களா சார்?"

"முழுசா வந்துடுச்சு."

"மேனேஜர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை என்றேன்.

"அப்ப நீங்க இன்னும் விசில் அடிக்கலீங்க," என்று வைத்துவிட்டார்.

மேனேஜரிடம் போனேன். கன்னடக்காரர், நல்ல மனிதர், சட்டென்று சூடாகிறவர். நிமிடத்துக்கு ஒரு தரம் என்று மாற்றியது என் தவறு, தேவகி ஒரு நாளும் பாதி அனுப்பவில்லை என்றேன். "ஏன்ரீ, ரெண்டு மெமோ கொடுத்தாச்சே," என்று தலையில் கைவைத்தார். தேவகியைக் கூப்பிட்டனுப்பி, அவர் எதிரிலேயே மெமோக்களைக் கிழிக்கப் போனார். தேவகி தடுத்துவிட்டார். "கிழிக்காதீங்க சார். அழிச்சுப்போட்டா நாளைக்கு என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? மேல ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளயே வைங்க." அப்படியே செய்தார். நிரந்தரக் கடிதம் அந்த வாரமே கிடைத்தது. இந்த முறை பாதுஷா கிடங்கிலிருந்து வந்தது.

இத்தோடு நிறுத்தினால் நானும் யோக்கியன் ஆகிவிடுவேன். நிறுத்த முடியாது. சில மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த விசில் ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒரு கையேடு போட்டார்கள். யார் யோசனை என்று கேட்டபோது முதல் ஆளிடம் "நாங்கள் செய்தோம்" என்றேன். இரண்டாவது ஆளிடமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஆள் எழுதிக்கொண்டபோது என் பெயரை மட்டும் எழுதினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதவியும் ஒரு படி ஏறியது. கையேடு கிடங்குக்கும் போயிற்று. தேவகி எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர். படித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்: "கையேடு முழுசா வந்துருச்சுங்களா சார், இல்லை இன்னும் பக்கம் இருக்குதுங்களா?" அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம் என்று சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். அடுத்த பதிப்பு வரவில்லை. மூன்று வருடமாக நாள் தவறாமல் பேசியிருக்கிறோம், அதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. இப்போது ஊரெல்லாம் இரண்டாயிரம் பிறந்தால் கணினிகள் என்ன ஆகும் என்று பதறிக்கொண்டிருக்கிறது. அதில் மூழ்கியிருக்கிறேன், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

போன வாரம் மருத்துவமனைக்குப் போனேன். கண் மஞ்சளாக இருந்தது, பேச்சு மெலிந்திருந்தது, கேள்வி மட்டும் மெலியவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸ் பாட்டிலைக் காட்டி, "இது முடிஞ்சா யாருகிட்டங்க சொல்லும்?" என்றார். அரைமணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து பார்க்கிறார் என்றார் ரங்கசாமி. "அப்ப இதுக்கும் விசில் இல்லை," என்று என்னைப் பார்த்தார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். உடம்பு தேறி வரட்டும், கிடங்கில் எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அவர் போன அன்று, நாகராஜ் மருத்துவமனைக்கு ஓடும் அவசரத்தில் பட்டியலை அனுப்பிவிட்டு விசில் ஃபைலை மறந்துவிட்டார். மதியம் சரக்குப் பிரிவில் பட்டியல் எங்கே என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். முழுப் பட்டியலும் அதன் இடத்தில் கிடந்தது. லிஸனர் காலையிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து, விசில் இல்லை என்று தொடாமல் திரும்பிக்கொண்டிருந்தது. காலி ஃபைல் ஒன்றை நானே செய்து போட்டேன். அடுத்த நிமிடம் சீட்டு அச்சானது. அப்போதுதான், அந்த அறையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

தேவகியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்: இருக்கிறது என்றால் என்ன அர்த்தம், பெயர் தெரிந்தால் போதுமா, முழுதும் வந்து சேர்ந்ததா? அதை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி வேண்டுமானால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. விசில் ஃபைல் என் யோசனை அல்ல, அது முழுக்க ஹனூர் தேவகியின் யோசனை என்று தலைமை அலுவலகத்துக்கு நேற்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். நகலை, ரத்து என்று எழுதிய அந்த இரண்டு மெமோக்களுக்கு மேலே, அவருடைய ஃபைலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவரை அறிந்த உங்களிடமும் இதோ சொல்லிவிட்டேன்.

தேவகி, இப்போதுதான் முழுதாக வந்திருக்கிறது. மூன்று வருடம் தாமதம்.